நான் எடுத்த தரவு துறைமுக அறிக்கையில்: என்ன செய்யலாம்?

வாசகர் கடிதம், சுருக்கமாக

தமிழகத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், சுற்றுச்சூழல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் எழுதியிருக்கிறார். 2023 ஜனவரியில் பதிவு செய்தவர், இப்போது நான்காம் ஆண்டு. கடலோர உப்பங்கழி ஒன்றில் நீரின் தன்மையும் அங்கே வந்துபோகும் நீர்ப்பறவைகளும்தான் ஆய்வுப் பொருள். கழியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, வாங்கிய மத்திய அரசு நிதித் திட்டத்தில் மாத உதவித்தொகை பெறும் ஃபெலோவாகச் சேர்ந்து, அதே வேலையை பிஎச்.டி.யாகவும் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் கழியை ஒட்டிச் சரக்குத் துறைமுகம் ஒன்று வரவிருக்கிறது. அடுத்த மாதம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கான வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஊர்க்காரர் ஒருவர் போனில் அனுப்பியிருக்கிறார். புரட்டிப் பார்த்தால், டிசம்பர், ஜனவரியில் இவர் எடுத்த நீர் மாதிரிகளின் அட்டவணை அப்படியே இருக்கிறது. ஓர் ஊர்ப் பெயரில் இவர் விட்ட எழுத்துப்பிழைகூட மாறவில்லை. தலைப்பு மட்டும் ‘கோடைக்காலம், ஏப்ரல் – மே’ என்று இருக்கிறது. பறவைப் பட்டியலில் காகம், மைனா, உண்ணிக்கொக்கு என்று இருபத்துச் சொச்சம். இவர் பதிவு செய்த பூநாரையும் ஊசிவால் வாத்தும் வேறெந்த வலசைப் பறவையும் இல்லை. துறையில் எம்.எஸ்சி. படிக்கும் இரண்டு பேரின் ப்ராஜெக்ட் தரவும் உள்ளே போயிருக்கிறது.

கைடிடம் கேட்டதற்கு, “அது துறையோட டேட்டா, உனக்கென்ன?” என்றாராம். சத்தம் கூடியதும், லேப் கணினியிலிருந்து பென் டிரைவில் எடுத்ததற்காக டேட்டா திருட்டுப் புகார் கொடுப்பேன், பதிவை ரத்து செய்துவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று மாத ஃபெலோஷிப் பில்லில் கையெழுத்து விழவில்லை. இவருடைய கேள்விகள்: தரவு யாருக்குச் சொந்தம்? கைடு பதிவை ரத்து செய்ய முடியுமா? கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லலாமா? இல்லை, எல்லாவற்றையும் முகநூலில் போட்டுவிட்டு ஆய்வையே விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முகநூல் வேண்டாம். பெயர் சொல்லி எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு; இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் உண்டு. சொன்னது உண்மை என்பது மட்டும் அங்கே போதாது, பொதுநலனுக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். காட்டிவிடலாம்தான். ஆனால் அதற்குள் நீங்கள் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்க வேண்டிய காலம் கோர்ட் வாசலில் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விவகாரங்கள் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் உழைப்பு, பெயர், பட்டம் பற்றியது ஒன்று. அந்த உப்பங்கழியைப் பற்றி அரசுக்குச் சரியான தகவல் போகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே புகாராக எழுதி துணைவேந்தர், கலெக்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பத்திரிகை என எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று இருக்கிறீர்கள். அனுப்பினால், “கைடோடு சண்டை, அதனால் திட்டத்தைக் கெடுக்கப் பார்க்கிறார்” என்று வாரியத்திலும், “துறைமுகத்துக்கு எதிரான கோஷ்டி தூண்டிவிடுகிறது” என்று பல்கலைக்கழகத்திலும் பதில் தயாராகிவிடும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். தனித்தனித் தாள், தனித்தனி நேரம்.

தரவு யாருக்குச் சொந்தம்?

“சேற்றில் இறங்கி நான் எடுத்தது, எனக்குத்தான் சொந்தம்” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்துக்கும் அமைப்புக்கும்தான் காவல். மாதிரி எடுக்கும் ஒரு நிலையத்தில் உப்பு எவ்வளவு என்ற உண்மைக்கு அது யாரையும் உரிமையாளர் ஆக்குவதில்லை. அட்டவணை ஒரு தொகுப்பு என்று வாதிடலாம். ஆனால் தொகுப்புக்கும் வெறும் உழைப்பு போதாது, சிறிதளவாவது படைப்புத்திறன் தெரிய வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. உங்களுடையது நிதி பெற்ற திட்டம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிதி கொடுத்த அமைப்பின் அனுமதி ஆணையில் தரவு, அறிக்கை, உபகரணம் பற்றி நிபந்தனைகள் இருக்கும். பெரும்பாலும் அவை நிறுவனத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அந்த ஆணையின் நகல் உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள்.

அப்படியானால் கைடு சொன்னது சரியா? பாதிதான். துறையின் தரவு என்றால் அது அவருடைய சொந்தச் சரக்கும் இல்லை. இந்த மாதிரி மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு அதைக் கொடுப்பதென்றால் பல்கலைக்கழகத்தின் கன்சல்டன்சி விதிப்படி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், வந்த பணம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும், நிதி கொடுத்தவரின் நிபந்தனையும் அதற்கு இடம் தர வேண்டும். சரணாலயப் பகுதியில் எடுத்த தரவு என்றால் இன்னும் ஒன்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளர் தந்த அனுமதி, ஆய்வு என்ற நோக்கத்துக்காகத் தந்தது. அந்த அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். கைடு உங்களைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய காகிதமாகக்கூட அது இருக்கலாம்.

அந்த அனுமதி உங்களையும் கட்டும். “நானே போய்ப் புதிதாக எண்ணி எடுத்துக் காட்டுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்யாதீர்கள். அனுமதி திட்டத்தின் பெயரில், கைடின் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு வெளியே சரணாலயத்துக்குள் நுழைந்தால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

உங்களுக்கென்று உறுதியாக உள்ளவை இவை: நீங்கள் எழுதிய அத்தியாயங்களும் விவரிப்பும், அவற்றை எழுதியவர் நீங்கள்தான் என்று கோரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தரும் உரிமை, பதிவு செய்த தலைப்புக்காக எடுத்த தரவை ஆய்வேட்டில் பயன்படுத்துவது. மூன்றாவதைக் கைடு இதுவரை மறுக்கவில்லை. அதை மறுக்கும் நிலைக்கு அவரைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவையை விடுங்கள், உப்பைப் பாருங்கள்

கடிதத்தில் பாதிக்கு மேல் விடுபட்ட பறவைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் மோசடி என்று அடித்துச் சொல்லும் அந்த இடம்தான் சட்டப்படி பலவீனமான இடம்.

மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் இந்த மதிப்பீடுகளில், மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு போதும் என்பது வழக்கம். நம் கடற்கரையில் அதற்கு வசதியாக மார்ச் முதல் மே வரை எடுத்துக்கொள்கிறார்கள். வலசைப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையோடு வந்து, வெயில் ஏற ஏறக் கிளம்பிவிடுகின்றன. மே மாதம் போய் எண்ணினால் காகமும் மைனாவும் கொக்கும்தான் கிடைக்கும். ஆக அந்தப் பட்டியல் அரைகுறையானது, உப்பங்கழிக்குப் பொருந்தாதது, ஆனால் பொய்யென்று நிரூபிக்கக் கடினமானது. “ஆய்வு வரம்பில் சொன்ன பருவத்தில் எண்ணினோம்” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். வலசைக் காலத்தையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள் என்று கேட்பது நல்ல கோரிக்கை. அதைக் கேட்க வேண்டும். குற்றச்சாட்டாக வைத்தால் நிற்காது.

நீர் அட்டவணை அப்படியல்ல. டிசம்பரில் எடுத்ததற்கு மே என்று தலைப்பிட்டால் அது தவறான தகவல். நீங்கள் சொன்ன எண்களைப் பார்த்தேன்: பெரும்பாலான நிலையங்களில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 8 முதல் 12. கடல்நீரிலேயே ஏறத்தாழ 35 இருக்கும். மழைத் தண்ணீர் வந்து சேர்ந்த டிசம்பரில் உப்பங்கழி அந்த அளவுக்கு இறங்குவது இயல்பு. கத்திரி வெயிலில், ஆற்றில் தண்ணீர் வராத நேரத்தில், ஆழமில்லாத கழி ஒன்றில் 8 எப்படி வரும்? இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வருவது வேறு. இந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் நோட்டோ பென் டிரைவோ பெயரோ தேவையில்லை. அறிக்கையின் அந்த ஒரு பக்கமே போதும். அந்தக் கரையில் உப்பளத்தில் வேலை பார்த்த எவரும் கேட்கலாம்.

அது வெறும் தலைப்புப் பிழையாகவும் இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். கைடு கொடுத்த கோப்பை ஆலோசனை நிறுவனத்தின் இளநிலை ஊழியர் யாராவது தப்பான பருவத்தின் கீழ் ஒட்டியிருக்கலாம். நான் அதை நம்பச் சொல்லவில்லை. எழுதும்போது அதற்கு இடம் விட்டு எழுதுங்கள் என்கிறேன்.

கூட்டத்தில் பேசலாமா?

பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மைக் முன் நின்று, “இந்தத் துறையின் ஸ்காலர் நான், இது என் தரவு” என்று இப்போது சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. நம் நாட்டில் 2014இல் இயற்றிய தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. அதை நம்பி இறங்க முடியாது.

கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் போன்ற இடங்களில் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நேரில் வராதவர்களும் வாரியத்துக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம். கூட்டம் வீடியோவில் பதிவாகும். முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்கள் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் துறைமுக நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் முழக்கமாகச் சொல்வதைவிட, பக்க எண், அட்டவணை எண் போட்டு, “மாதிரி எடுத்த தேதிகளையும் ஆய்வகச் சான்றிதழ்களையும் இணையுங்கள்” என்று எழுத்தில் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது. தேதியோடு ஆய்வகச் சான்றிதழ் கேட்டாலே பல அறிக்கைகள் ஆட்டம் கண்டுவிடும்.

அந்தக் கேள்வியை யார் எழுதுவது என்பதை ஊர்க்காரர்களிடம் விட்டுவிடுங்கள். பொதுவில் வைத்த ஆவணத்தில் ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டுவது எந்த விதியையும் மீறுவதாகாது. வெளியிடாத உங்கள் திட்டத் தரவை அவர்கள் கையில் கொடுப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு அனுமதி கிடைத்துவிட்டால்? வேண்டுமென்றே மறைத்த அல்லது பொய்யான தகவலின் பேரில் பெற்ற அனுமதியை ரத்து செய்ய அதே 2006 அறிவிக்கையின் 8ஆம் பத்தி இடம் தருகிறது. சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடும் செய்யலாம். அதற்கு 30 நாள்; தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடைக்காது. அந்தக் கட்டத்தில் உங்கள் வாக்குமூலம் தேவைப்படலாம். கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்போது உங்கள் ஆய்வேடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவை உங்களுக்காக நான் எடுக்க முடியாது.

கைடு நினைத்தால் பதிவை ரத்து செய்ய முடியுமா?

தனியாக முடியாது. உங்களுக்குப் பொருந்துவது 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. ஒழுங்குமுறை. அதன்படி ஆய்வு ஆலோசனைக் குழு, அதாவது நீங்கள் டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்று சொல்கிறீர்களே அந்தக் குழு, ஒவ்வொரு செமஸ்டரும் கூடி முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் காரணத்தை எழுதி, சரிசெய்ய வழி சொல்ல வேண்டும். அதையும் செய்யத் தவறினால்தான் குறிப்பான காரணங்களோடு ரத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுபவர் கைடுதான். ஆய்வேட்டை மதிப்பிடுபவர்களிலும் அவர் ஒருவர். ஆகையால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. இழுத்தடிக்க முடியும்.

காலம் உங்கள் பக்கம் இருக்கிறது. பதிவிலிருந்து ஆறு ஆண்டு, மறுபதிவில் மேலும் இரண்டு, பெண்களுக்கு இன்னும் இரண்டு என்று மொத்தம் பத்து வரை போகலாம். “இரண்டு பேப்பர் இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது, பேப்பரில் கைடு கையெழுத்து வேண்டும்” என்று பயந்திருக்கிறீர்கள். அந்த 2022 ஒழுங்குமுறை கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக அப்படி ஒரு விதி வைத்திருக்கலாம், விதிநூலைப் பாருங்கள்.

மூன்று வாரத்தில் டி.சி. மீட்டிங் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் அது வருவது நல்லதாகப் போயிற்று. இதுவரை எடுத்த எல்லா அளவீடுகளையும், தேதி, நிலையம் வாரியாக, முன்னேற்ற அறிக்கையின் பின்னிணைப்பாகக் கொடுத்து மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற்றிவிடுங்கள். துறைமுகத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் வேண்டாம். முந்தைய மீட்டிங்குகளுக்குக் கொடுத்த அறிக்கைகளில் இதே டிசம்பர் அட்டவணை கைடு கையெழுத்தோடு இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுதான். ஸ்கேன் செய்து வீட்டில் ஒரு பிரதி, நம்பகமானவரிடம் ஒரு பிரதி வையுங்கள்.

மினிட்ஸில் ஏற்றுவதற்கு இன்னொரு பயனும் உண்டு, அதை நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது ஒப்புமைச் சோதனை நடக்கும். அதற்குள் அந்த அறிக்கை இணையத்தில் ஏறியிருக்கும். உங்கள் அத்தியாயமே அதிலிருந்து எடுத்ததுபோல் மென்பொருள் காட்டலாம். 2018ஆம் ஆண்டின் யுஜிசி கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளில் ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் போனாலே நடவடிக்கை தொடங்கிவிடும். அப்போது, அறிக்கை இணையத்தில் ஏறுவதற்கு முந்தைய தேதியுள்ள டி.சி. மினிட்ஸ்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஃபெலோஷிப் நிலுவையைத் தனி மனுவாக, தனியே கொடுங்கள். முதலில் துறைத்தலைவருக்குப் பணிவான கடிதம். நகர்வில்லை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. 2023ஆம் ஆண்டின் யுஜிசி விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பெர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கையோடு இன்னொன்றையும் பாருங்கள். இன்னும் மாதம் 37,000 ரூபாய்தான் வாங்குகிறீர்களா? இரண்டு ஆண்டு முடிந்ததும் மதிப்பீடு செய்து 42,000க்கு உயர்த்தும் ஏற்பாடு உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று அனுமதி ஆணையிலேயே தெரியும்.

கைடை மாற்றுவது கடைசி வழி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இப்போதைய கைடின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும், புதியவரிடம் இடம் காலியாக இருக்க வேண்டும். திட்டத்தை விட்டு வெளியே வந்தால் ஃபெலோஷிப்பும் தரவும் என்னவாகும் என்பதும் பார்க்க வேண்டியது. நான்காம் ஆண்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், அவர் வெளிப்படையாக முட்டுக்கட்டை போட்டாலொழிய.

பென் டிரைவ்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் தரவை நகலெடுப்பதைத் தடுக்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நீங்களே பதிவேற்றிய கோப்புகளை, உங்கள் ஆய்வேட்டுக்காக, உங்களுக்கு ஒதுக்கிய கணினியிலிருந்து நகலெடுத்ததில் நேர்மையற்ற நோக்கம் எங்கே இருக்கிறது? கைடு இதைப் புகாராகக் கொடுத்தால் அந்தக் கோப்புகள் யார் உருவாக்கியவை என்று அவரே பதிவு செய்ததாகிவிடும். எல்லையைத் தாண்டாமல் இருங்கள்: கைடின் மின்னஞ்சல், அவருடைய கணினி, கன்சல்டன்சி கோப்பு, எதையும் தொடாதீர்கள், தோழர்கள் திறந்து காட்டினாலும். களக் குறிப்பேடுகளின் அசல் லேபிலேயே இருக்கட்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்சிக்கு அனுமதி வாங்கினார்களா என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதை எந்தக் குடிமகனும் கேட்கலாம், நீங்களேதான் கேட்க வேண்டும் என்றில்லை.

எம்.எஸ்சி. பிள்ளைகள் இருவரையும் சேர்த்துக் கூட்டாகக் கையெழுத்து போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அவர்களுடைய ப்ராஜெக்ட் மதிப்பெண் இன்னும் துறையின் கையில் இருக்கிறது. ப்ராஜெக்ட் அறிக்கையின் கையெழுத்திட்ட பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இப்போதைக்கு அவ்வளவு போதும். அனுமதி ஆணை, வனத்துறை அனுமதிக் கடிதம், பழைய டி.சி. மினிட்ஸ், இந்த மூன்றின் நகலும் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள். கைடுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை அவற்றைப் பார்த்த பிறகுதான் எழுத முடியும். அதுவரை நீங்களாக எதையும் அனுப்பாதீர்கள்.